கண்ணாடி வழியே வந்த வெயில்

பேருந்தில், செப்டம்பர் 15
(அனுப்பாத கடிதம்)

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று காலை பால்கனியில் நின்றபோது நான் உங்களிடம் சொல்லாதது இதுதான். ஜன்னல் கண்ணாடி வெயிலின் வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டையும் விடும். ஆனால் ஓர் ஓணானின் எலும்பு உறுதியாக இருக்க எந்தக் கதிர் வேண்டுமோ அதை மட்டும் வெளியிலேயே நிறுத்திவிடும்.

நீங்கள் என் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினீர்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. ஒரு சட்டத்திலும் இடைவெளி இல்லை. குரல்வளையை எடுத்த பிறகு உங்கள் கழுத்துத் துளைக்குள் குளிர்காற்றும் டான்யூப் கரைக் கொசுவும் நேராகப் போகின்றன என்பதால், ரூஸேயில் பாதி வீடுகளில் செய்வதுபோல் நீங்களும் பால்கனியை அடைத்துவிட்டீர்கள். மற்றவர்கள் ஆள் வைத்து அடைப்பார்கள். நீங்கள் நாற்பது வருடம் கண்ணாடி பதித்த கையால் நீங்களே அடைத்தீர்கள்.

உள்ளே வாதுமைக் கிளைமேல் சுஷ்கா வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தான். பத்தொன்பது வயதில் நான் வாங்கி வந்து, படிக்கப் போகும்போது உங்களிடம் விட்டுச் சென்ற தாடி ஓணான். சிவப்பு மிளகாய்க்கு அலைகிறாள் என்று மிளகாயின் பெயரையே வைத்தோம், பிறகு தாடி கறுத்து ஆண் என்று தெரிந்தது. பெயரை மாற்ற யாருக்கும் மனமில்லை.

பேச்சுக்கு வைத்திருக்கும் சின்னப் பலகையில் எழுதிக் காட்டினீர்கள்: "ராஜா மாதிரி இருக்கான் பாரு. விளக்கை அணைச்சுட்டேன். இனி எதுக்கு? அவன் பொறந்த பாலைவனத்துலகூட இவ்வளவு வெயில் இருக்காது."

நான் சிரித்தேன். நகத்தால் கண்ணாடியைத் தட்டினேன். நான் அதன் தடிமனை மெச்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். அப்போது சுஷ்கா ஒரு காலைத் தூக்கினான். அவன் விரல்கள் நடுங்கின. மெல்லிய நடுக்கம்தான், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிவது.

சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம். ஆனால் குரல் போன பிறகு நீங்கள் செய்த முதல் வேலை அது. பெருமை நிறைந்த அந்த முகத்தை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை இந்தத் தாளில்கூட எழுத மாட்டேன்.

இஸ்க்ரா


கிராஸ், ஆஸ்திரியா, செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த பனிட்சா அடை செர்பிய எல்லையிலேயே தீர்ந்தது. பக்கத்து இருக்கைப் பெண் "உங்க அம்மா செஞ்சதா?" என்று கேட்டாள். அப்பா என்றதும் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள். உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? துணி வடிகட்டியைத் தினமும் மாற்றுகிறீர்களா?

நூலகத்தில் பழையபடி வேலை. திரும்பி வந்த புத்தகங்களை அதனதன் இடத்தில் வைக்கிறேன். நேற்று ஊர்வன வளர்ப்பு பற்றி ஒன்று கைக்கு வந்தது, நின்றபடியே பாதி படித்தேன். சுஷ்காவின் அந்தப் புற ஊதா விளக்கு ஒரு வருடத்தில் சக்தி இழந்துவிடுமாம். பார்த்தால் அதே வெளிச்சம்தான் இருக்குமாம், நாம் ஏமாந்துவிடுவோமாம். ஆகவே புதியதாக ஒன்று வாங்கிப் பகல் முழுவதும் எரிய விடுங்கள். வெயில் போதாது என்று சொல்லவில்லை. கூடுதலாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

விரல்கள் நடுங்குகின்றனவா, நடக்கும்போது வயிறு தரையில் உரசுகிறதா என்று எப்போதாவது பாருங்கள். கீரைமேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ மறக்காதீர்கள். ஓணான்கள் நோயைக் காட்டிக்கொள்ளாதாம். காட்டிக்கொண்டால் பருந்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், ரத்தத்திலேயே இருக்கிறதாம். நமக்குத் தெரியும்போது தாமதமாகியிருக்கும் என்று போட்டிருக்கிறது.

கீழ்வீட்டுத் தோடோரா அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்
இஸ்க்ரா


ரூஸே, அக்டோபர் 7

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு,

நான் நலம். நீ நலமா? முழங்கால் எப்படி? நாள் முழுக்க நிற்கிற வேலை. இடையில் உட்கார விடுகிறார்களா இல்லையா என்று எழுது. போன தடவையும் கேட்டேன், நீ அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதுவதில்லை.

ஃபோனில் செய்தி அனுப்பக் கூடாதா என்று நீ கேட்பாய். முயன்று பார்த்தேன். வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு என் விரல் நுனியெல்லாம் தழும்பு. வாழ்நாளெல்லாம் கண்ணாடியைத் தொட்டவனை இந்தச் சின்னக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியவில்லை. தாள்தான் எனக்குச் சரி.

மிளகாய் சுடும் வாரம். குடியிருப்பு முழுக்கப் புகை. எல்லாரும் பால்கனியில் சுடுகிறார்கள், நான் மட்டும் அடுப்பைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன், சுஷ்காவுக்குப் புகை ஆகாது என்று. தோடோரா கீழ்த்தளத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னய்யா ஜெல்யாஸ்கோ, பல்லிக்கு அரண்மனை, நமக்குப் படிக்கட்டா?"

பலகையில் எழுதிக் காட்டினேன்: "பல்லி இல்ல. ஓணான்."

"ரெண்டும் என் சமையக்கட்டுக்குள்ள வந்தா ஒண்ணுதான்!"

அதற்காக ஒரு மிளகாயை ஆறவைத்து அவளே நறுக்கிக் கொண்டுவந்தாள். சுஷ்கா அவளைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி மெதுவாக ஆட்டினான். "பாருய்யா, உன்னைவிட மரியாதை தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனுக்கும் குரல் கிடையாது, எனக்கும் கிடையாது. அவன் தலையாட்டுவான், நான் தலையாட்டுவேன். இந்த வீட்டில் பேச்சுக்குக் குறை இல்லை.

விளக்கு வேண்டாம். வெயில் இலவசம். அவன் காலையிலிருந்து மாலைவரை அதில்தான் கிடக்கிறான். வயிறு கொஞ்சம் உரசுகிறது. தின்று கொழுத்துவிட்டான்.

அப்பா


கிராஸ், அக்டோபர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. உட்கார விடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ரூஸேக்கு வரும் பேருந்தில் ஓட்டுநர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உள்ளே விளக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் கிளையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில், நேராக அவன்மேல் படும்படி மாட்டுங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ எதுவும் இருக்க வேண்டாம் என்று பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. அந்தப் படத்தைப் பாருங்கள் அப்பா.

கொழுப்பினால் வயிறு உரசுகிறதா, கால் தாங்காமல் உரசுகிறதா? அவன் நிற்கும்போது முழங்கை வெளியே வளைகிறதா? எனக்காக ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

அன்பு மகள்
இஸ்க்ரா


ரூஸே, நவம்பர் 20

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு,

நான் நலம். உன் முழங்கால்? "உட்கார விடுகிறார்கள்" என்பது நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

பொட்டலம் வந்தது. நல்ல பொருள். கெட்டுப்போகாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். பெட்டிப் படத்தையும் பார்த்தேன். தொழிற்சாலைக்காரர்கள் எதற்கும் படம் போடுவார்கள், விளக்கு சுட்டுப் பிளாஸ்டிக் உருகிவிடும் என்று சொல்கிறார்கள்.

அதோடு இப்போது விளக்கு எதற்கு? சுஷ்கா குளிர்கால உறக்கத்துக்குப் போய்விட்டான். போன வருடம் போலவே பாறைக்கு அடியில் ஒதுங்கி, முகத்தை மூலையில் வைத்துக்கொண்டு. போகும் முன் ஒரு வாரம் எதையும் தின்னவில்லை. வெட்டுக்கிளியை முன்னால் விட்டால் நாக்கை நீட்டினான், தவறவிட்டான், மறுபடி நீட்டவில்லை. தூக்கம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அவன் தூங்குவதால் வீடு அமைதியாக இருக்கிறது. பேசாத பிராணி தூங்கினால் அமைதி எப்படிக் கூடும் என்று நீ கேட்பாய். கூடுகிறது.

அப்பா


கிராஸ், டிசம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். வர முடியவில்லை, மன்னியுங்கள். நீங்கள் அனுப்பிய மிளகாய் ஊறுகாயை ஆஸ்திரியத் தோழிகளுக்கும் கொடுத்தேன். ஒருத்தி கண்ணில் தண்ணீர் வழிய "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தின்றாள்.

அப்பா, சுஷ்காவை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். தூங்குகிற ஓணானையும் நோய்ப்பட்ட ஓணானையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரியும். நல்ல தூக்கம் என்றால் எடை குறையாது, வால் அடி குண்டாகவே இருக்கும், தொட்டால் சோம்பலாகக் கண் திறந்து முறைப்பான். கண் குழிந்திருந்தால், வாலில் எலும்பு தெரிந்தால், அது தூக்கம் இல்லை. கீழ்த்தாடையை விரலால் மெதுவாக அழுத்துங்கள். கல்போல இருக்க வேண்டும்.

அழுத்திப் பார்த்து எழுதுங்கள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

இஸ்க்ரா


ரூஸே, பிப்ரவரி 3

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் பண்டிகைத் தபாலில் சிக்கித் தாமதமாக வந்தது. வந்த பிறகும் நான் அவனை எழுப்பவில்லை. குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது போல இருந்தது. போன வாரம் அவனாகவே வெளியே வந்தான்.

இஸ்க்ரா, அவன் நடக்கவில்லை. நீந்துகிறான். முன்கால்களால் தரையைத் துழாவி உடம்பை இழுக்கிறான், பின்கால்கள் பின்னால் வருகின்றன. கிளைமேல் ஏற்றி வைத்தேன், பிடிக்க முடியாமல் சறுக்கினான். தாடையைத் தொட்டேன். கல் இல்லை. ஊறிய ரொட்டி.

தோடோரா தக்காளி விதை போட்டிருக்கிறாள். நாற்று வெளிறிப்போகிறது என்று புலம்பினாளே என்று உன் விளக்கை அவளுக்குக் கொடுத்திருந்தேன். சும்மாதானே கிடக்கிறது என்று. நாற்று நன்றாக வந்திருக்கிறது.

வெயிலுக்குக் குறை வைக்கவில்லை. நேற்றுக்கூடக் கண்ணாடியெல்லாம் துடைத்தேன், ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல். எங்கே தவறு என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அப்பா


கிராஸ், பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்குத் தகுதி இல்லை. நேராக எழுதுகிறேன்.

கண்ணாடிதான் அப்பா. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். கண்ணாடி அந்தக் கதிரை விடாது. எவ்வளவு துடைத்தாலும் விடாது. எவ்வளவு பொடி தூவினாலும், கதிர் படாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. கண்ணாடியின் இயல்பு அது.

விளக்கை இன்றே திரும்ப வாங்கி மாட்டுங்கள். வார்னாவில் ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார், முகவரி பின்பக்கத்தில். உடனே போங்கள்.

செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும்.

இஸ்க்ரா


ரூஸே, பிப்ரவரி 13

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு,

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. தபால்காரனைக் குறை சொல்வதா, பனியைக் குறை சொல்வதா தெரியவில்லை. காத்திருக்க முடியாமல் நேற்று அவனை வார்னாவுக்குக் கொண்டுபோனேன். தோடோராவின் மருமகன் மருத்துவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

சூடு வேண்டும் என்று கோட்டுக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். பேருந்து ஓட்டுநர் "என்ன பெரியவரே, கோட்டுக்குள்ள ஏதோ நெளியுது?" என்றான். பலகையைக் காட்டினேன்: "பேரன்." பித்தானுக்கு இடையில் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா ஜாடை அப்படியே இருக்கு" என்றான். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தம் வராமல்.

ஊசி போட்டிருக்கிறார்கள். நீர் மருந்து கொடுத்திருக்கிறார்கள். விளக்கு தோடோரா வீட்டிலிருந்து வந்துவிட்டது. முட்டை ஓட்டை இடித்துத் தூளாக்கி அவளும் ஒரு சீசா கொண்டுவந்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றாள். அவள் என்ன செய்வாள்.

மருத்துவர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா


ரூஸே, மார்ச் 19

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு,

நான் நலம். நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. நினைத்துப் பார்க்க நிறைய இருந்தது. குரல் இருந்த காலத்தில் நினைப்பதற்கு முன்பே பேசிவிடுவேன். இப்போது அது முடியாது.

வார்னாவில் அந்த மருத்துவர் உன் வயதுப் பெண். "வெயில் எங்கேர்ந்து படுது ஐயா?" என்று கேட்டாள். நான் பெருமையாகப் பலகையில் பால்கனியை வரைந்தேன், ஒவ்வொரு சட்டமும் விடாமல். அவள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாக் கட்டியிருக்கீங்க" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அந்த நிறுத்தத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். செப்டம்பரில், நீ கண்ணாடியைத் தட்டியபோது, உன் முகத்தில்.

அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது.

என் இருபத்தைந்தாவது வயதில் எங்கள் குழுவைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். எலும்பு பலவீனமான குழந்தைகளுக்கு ஓர் ஆரோக்கிய இல்லம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீளமான வராந்தா, முழுக்க நாங்கள் பதித்த கண்ணாடி. கட்டில்களுக்குச் சக்கரம் வைத்திருந்தார்கள். வெயில் நகர நகரச் செவிலியர்கள் கட்டில்களைத் தள்ளிக்கொண்டே போவார்கள். நாங்கள் கடைசிச் சட்டத்தைப் பதித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி படுத்தபடியே என்னிடம், "மாமா, கண்ணாடி போட்டதுக்கப்புறம் குளிராதுல்ல?" என்றாள். "குளிராது கண்ணு, வெயில் மட்டும் வரும்" என்றேன். எங்களுக்குப் பாராட்டு கொடுத்தார்கள். கோடையில் வெளியே மணலில் படுக்க வைத்திருப்பார்கள் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். வைத்திருப்பார்கள், இல்லையா?

அந்தச் சிறுமியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நீ பிறந்த குளிர்காலம் உனக்கு நினைவிருக்காது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. மருந்துக் கடைகளில் அலமாரி மட்டும் இருந்தது. குழந்தைகளுக்குத் தினமும் கொடுக்கச் சொல்லும், எலும்புக்கான அந்தச் சொட்டு மருந்துக்கு உன் அம்மா ஊரெல்லாம் அலைந்தாள், கிடைக்கவில்லை. நான் தொழிற்சாலையிலிருந்து பெரிய கண்ணாடி ஒன்று கொண்டுவந்து, படுக்கையறைத் தெற்குச் சுவரை உடைத்துப் பதித்தேன். அதன் அடியில் உன் தொட்டில். குளிர் படாமல் வெயில் மட்டும் படட்டும் என்று. வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். உன் அம்மா உன்னை வெளியே தூக்கிப்போக வேண்டும் என்பாள், நான்தான் "வெளியில என்ன இருக்கு, வெயில் இங்கேயே இருக்கே" என்பேன்.

நீ நடக்கத் தாமதமானது. நடந்தபோது கால்கள் இரண்டும் அடைப்புக்குறி போல வளைந்திருந்தன. உன் அம்மா கவலைப்பட்டாள். குதிரைக்காரி ஆவாள் என்று நான் கேலி செய்தேன்.

இஸ்க்ரா, உன் கால்கள் என் கண்ணாடியாலா? உனக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீ எதையும் தேடிப் படிக்காமல் விடுகிறவள் இல்லை. ஆம் என்றால் ஆம் என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மார்ச் முதல் தேதிக்கான சிவப்பு வெள்ளை நூல் உள்ளே வைத்திருக்கிறேன், தாமதமாகிவிட்டது. பூத்த மரத்தைப் பார்க்கும்வரை மணிக்கட்டில் கட்டிக்கொள். சுஷ்காவுக்கும் ஒன்று கட்டியிருக்கிறேன். தோடோரா, "ஓணானுக்கு நேர்ந்துக்கிட்டவனை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று அவளே மறுபடி கட்டினாள்.

அப்பா


கிராஸ், மார்ச் 27
(அனுப்பாத கடிதம்)

அப்பா,

ஆம்.

போன வருடம் முழங்கால் வலி தாங்காமல் ஒரு மருத்துவரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குழந்தையாக இருந்தபோது வெயில் கிடைக்காத ஊரில் வளர்ந்தீர்களா?" என்று கேட்டார். நிறைய வெயில் இருந்தது, என் தொட்டிலே கண்ணாடிக்கு அடியில்தான் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "அதுவே காரணமாக இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைப் பற்றி நான் படித்தது அன்று சாயங்காலம்.

எனக்கு அந்தத் தொட்டில் நினைவில்லை. ஆனால் முகத்தில் சூடு நினைவிருக்கிறது என்று நான் எப்போதும் நம்பிவந்திருக்கிறேன்.


கிராஸ், மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கழுத்துக்கு இந்த ஈரக்காற்று ஆகாது, கவனமாக இருங்கள்.

நூலகத்தின் பின்னால் ஒரு செர்ரி மரம் பூத்துவிட்டது. நூலை அவிழ்த்து அதில் கட்டினேன். காவலாளி வந்து, "என்னம்மா, மரத்துக்குக் காயமா?" என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அவர் சரி என்று மேலும் கீழும் தலையாட்டினார். எங்கள் ஊரில் அந்தத் தலையாட்டலுக்கு மறுப்பு என்று பொருள் என்பதைச் சொல்லவில்லை.

சுஷ்கா மருந்தை விழுங்குகிறானா? வாயோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, தாடை மூழ்காத ஆழத்தில் அவனைக் கொஞ்ச நேரம் வையுங்கள். கிளைகளை எடுத்துவிட்டுத் தரையில் துண்டு விரியுங்கள், விழுந்தால் எலும்பு முறிந்துவிடும். வளைந்தது நேராகாது என்றாலும் மேலும் வளையாமல் நிறுத்த முடியும் என்று போட்டிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு: இல்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டேன். அம்மா வீட்டு வாகு என்றார்.

அன்பு மகள்
இஸ்க்ரா


ரூஸே, மே 9

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு,

நான் நலம். உன் பதில் கிடைத்தது. நன்றி.

சுஷ்கா ஈஸ்டருக்கு மறுநாள் இறந்துவிட்டான். அதற்கு முன் சில நாட்கள் நன்றாக இருந்தான். வெளியே சூடு வந்துவிட்டதால் கோட்டுக்குள் வைத்துக் கீழே புல்வெளிக்குக் கொண்டுபோவேன். வெறும் வெயிலில், நடுவில் ஒன்றும் இல்லாமல். கண்ணை மூடிக்கொண்டு தட்டையாகப் படுத்துக்கொள்வான். தோடோரா தன் ஜன்னலிலிருந்து, "ரெண்டு பேரும் கறுத்துப் போகப் போறீங்க" என்பாள். கடைசி நாள் அவளைப் பார்த்துக் கையைத் தூக்க முயன்றான். அவள் ஜன்னலை மூடிக்கொண்டாள்.

அவன் கையிலிருந்த நூலை அவிழ்க்கவில்லை. அப்படியே வைத்துப் புதைத்தேன்.

பால்கனிக் கண்ணாடியை எடுத்துவிட்டேன். சட்டங்களோடு தோடோராவுக்குக் கொடுத்தேன், தோட்டத்தில் தக்காளிக்கு ஒரு கூடாரம் போடுவாள். தக்காளிக்கு எலும்பு இல்லை. கழுத்துக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் கொசு தெரியவில்லை.

படுக்கையறைப் பெரிய கண்ணாடியையும் எடுத்துவிட்டேன். செங்கல் வைத்து அடைத்துப் பூசியாகிவிட்டது. அந்தப் பக்கமிருந்து குளிர் வருகிறது. மே மாசத்துல என்னய்யா குளிர் என்று தோடோரா கேட்டாள்.

உன் அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. வார்னா கடற்கரையில், நீச்சல் உடையில் நிற்கிறாள். என்ன நேரான கால்கள். உனக்கு அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

முழங்கால் எப்படி?

அப்பா


அக்டோபரில் கிராஸ் நகர மருத்துவமனையில் என் இடது கால் எலும்பை வெட்டி நேராக்கினார்கள். நூலகத்தில் வேலை அதிகம் என்று அப்பாவுக்கு எழுதினேன்.